உருக்குவதா, உருவைக் காப்பதா?

“ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!” என்று கூவிக்கொண்டு வரும் தள்ளுவண்டியை இப்போது தெருக்களில் காண்பது அரிது. ஓட்டை விழுந்த குடத்தையும் நசுங்கிய அலுமினியத் தூக்கையும் வாங்கிக்கொண்டு, ஈடாகப் பேரீச்சம்பழம் நிறுத்துத் தருவார் வண்டிக்காரர். அந்த வேலையை இன்று காயலான் கடைகள் செய்கின்றன; பழத்துக்குப் பதில் ரொக்கம். இரும்பு, செம்புக் கம்பி, பழைய பேப்பர், அட்டைப்பெட்டி, பால் கவர், தண்ணீர் பாட்டில் என ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு விலை இருக்கிறது. உடைந்த பீங்கான் தட்டைக் கொண்டுபோனால் மட்டும் கடைக்காரர் தராசைத் தொடமாட்டார். ஓட்டுச் சில்லுக்கும் ஷாம்பு சாஷேக்கும் அதே கதிதான். இத்தனைக்கும் பீங்கான் என்பது ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்து வந்த பொருள். உடைந்த மறுகணம் அதன் விலை பூஜ்யமாகிறது; நசுங்கிய அலுமினியமோ கௌரவமான விலைக்குப் போகிறது. காயலான் கடையின் இந்த விலைப்பட்டியலை எழுதியது வியாபாரியின் விருப்பு வெறுப்பு என்று நினைத்தால் தவறு. ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அணுக்கள் எப்படிப் பிணைந்திருக்கின்றனவோ அதற்கேற்பத்தான் அந்தப் பட்டியல் அமைந்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், எந்தக் கழிவை உலைக்கு அனுப்ப வேண்டும், எதைக் கைவினைஞரிடம் கொடுக்க வேண்டும், எதன் மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

எந்தப் பொருளைச் செய்வதும் ஆற்றலைச் செலவழித்து ஒழுங்கை வாங்கும் வேலைதான். இந்த ஒழுங்கு அடுக்கடுக்காக அமைகிறது. ஒரு பருத்திப் புடவையை எடுத்துக்கொள்வோம். அடியில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள். அவை சேர்ந்து செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறு. அந்த மூலக்கூறுகள் கற்றையாகச் சேர்ந்து இழை. இழைகள் முறுக்கேறி நூல். நூல் சாயமேறி, தறியில் ஏறித் துணி. அதற்கு மேல் முந்தானையும் கரையுமாகப் புடவை. புடவை கிழிந்தால் குலைவது மேலடுக்கு ஒன்றுதான். துணியின் பெரும்பகுதியும் நூலும் இழையும் நிறமும் அப்படியே இருக்கின்றன. அதைக் குப்பையில் போடும்போது எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம். ஆகவே கழிவைப் புதிய பொருளாக்கும் எந்த முயற்சியையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய ஒழுங்கில் எத்தனை அடுக்கு அடுத்த பொருளுக்குப் போய்ச் சேர்கிறது? கூடுமானவரை மேலடுக்கிலேயே நிறுத்திக்கொள்வது லாபம். ஆனால் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால், இறங்கிய பிறகு மறுபடி ஏறிவர வழி இருக்கிறதா என்பதைப் பொருளின் வேதியியல் சொல்லும். வழி இருப்பதை உருக்கலாம். வழி இல்லாததை உருவோடுதான் காப்பாற்ற வேண்டும். கலையும் கைவினையும் கழிவின் உலகத்தில் உண்மையாகத் தேவைப்படுவது இந்த இரண்டாம் இடத்தில்தான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

ஏறிவர நல்ல வழி இருப்பது உலோகங்களுக்கு. பூமியின் மேலோட்டில் அலுமினியம் ஏராளம். ஆனால் அது ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டே கிடைக்கிறது. அந்தப் பிடியை மின்சாரத்தால் விடுவிக்கும் முறையை 1886-ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். இன்றும் ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் தேவை. ஒருமுறை பிரித்தெடுத்துவிட்டால் பிறகு 660 டிகிரியில் அது உருகும். பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக வார்க்க, தாதுவிலிருந்து எடுக்க ஆகும் ஆற்றலில் 5 சதவீதம் போதும். அலுமினிய அணு தேய்வதில்லை, கிழடு தட்டுவதில்லை. நசுங்கிய தூக்கில் போனது உருவம் என்ற மேலடுக்கு. ஆக்சிஜனிலிருந்து விடுபட்ட நிலை என்ற விலையுயர்ந்த கீழடுக்கு பத்திரமாக இருக்கிறது. காயலான் கடைக்காரர் கொடுக்கும் பணம் அதற்கான விலை.

ஆனால் உலோகத்துக்கும் ஓர் எதிரி உண்டு, கலப்படம். பழைய மோட்டார்களை இரும்போடு சேர்த்தே உலையில் போட்டால் அவற்றில் சுற்றியிருந்த செம்பு எஃகில் கரைந்துவிடும். எஃகிலிருந்து கார்பனை எரித்து வெளியேற்றலாம். செம்பை அப்படி வெளியேற்ற முடியாது. செம்பு கூடிய எஃகைச் சூடாக உருட்டும்போது மேற்பரப்பில் வெடிப்பு விழும். கலப்பது எளிது, பிரிப்பதுதான் கடினம்: ரவையில் சர்க்கரையைக் கொட்டிக் கிளற ஒரு நிமிடம் போதும். பிரிப்பதென்றால் இரண்டுக்கும் இடையே ஏதாவது ஒரு வேறுபாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். சர்க்கரை தண்ணீரில் கரையும், ரவை கரையாது என்ற வேறுபாடு கிடைத்தால் பிழைத்தோம். வேறுபாடு கிடைக்காவிட்டால் கலவை கலவையாகவே நிற்கும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி சொல்வது இதைத்தான்: கலப்பு தானாக நடக்கும், பிரிப்புக்கு ஆற்றலோ சாமர்த்தியமோ கொடுக்க வேண்டும். காயலான் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து செம்பைத் தனியாக, பித்தளையைத் தனியாக, ஈயத்தைத் தனியாகப் பிரிக்கும் கைகள் இரண்டாம் விதிக்கு எதிராக வேலை செய்கின்றன. அந்த உழைப்பு இல்லையென்றால் உலைக்கு வேலையே இல்லை.

பிளாஸ்டிக்கில் இந்த உண்மை இன்னும் கூர்மையாகத் தெரியும். தண்ணீர் பாட்டில்களைப் பொடியாக நறுக்கி ஒரு தொட்டித் தண்ணீரில் கொட்டுகிறார்கள். பாட்டிலின் உடல் பெட் என்ற பிளாஸ்டிக்; அதன் அடர்த்தி தண்ணீரைப்போல 1.38 மடங்கு, ஆகவே மூழ்கும். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அடர்த்தி 1-க்குக் கீழே, ஆகவே மிதக்கும். கரண்டி போட்டு மேலே இருப்பதை வழித்தால் இரண்டும் பிரிந்துவிட்டன. இதே தொட்டியில் ஒரு பி.வி.சி. துண்டு விழுந்தால் கதை கெட்டது. பி.வி.சி.யின் அடர்த்தி ஏறக்குறைய பெட்டின் அடர்த்திதான். அதுவும் மூழ்கும், பெட்டோடு உருக்கு இயந்திரத்துக்குள் போகும். பெட் உருகும் 260 டிகிரியில் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். அந்த அமிலம் பெட்டின் நீண்ட சங்கிலிகளை வெட்டி, மொத்தத்தையும் பழுப்பாக்கும். கலப்பே இல்லாவிட்டாலும் பிளாஸ்டிக் உலோகம்போல அழியாதது ஆகிவிடாது. ஒவ்வொரு முறை உருகும்போதும் ஈரமும் சூடும் சேர்ந்து சங்கிலிகளைக் கொஞ்சம் அறுக்கின்றன. ஆகவேதான் தண்ணீர் பாட்டில் பெரும்பாலும் பாலியெஸ்டர் பஞ்சாகவோ சட்டையாகவோ ஒரு படி இறங்குகிறது. பிளாஸ்டிக்குக்கு ஏறிவர வழி உண்டு. ஆனால் படிக்கட்டில் சில படிகள் உடைந்திருக்கின்றன.

காகிதத்துக்குப் படிகள் எண்ணிக்கையில் அடங்கும். மரக்கூழ் இழைகளை ஐந்து முதல் ஏழு தடவை வரை மறுபடி காகிதமாக்கலாம் என்பது பொதுவான கணக்கு. கூழாக்கும் ஒவ்வொரு முறையும் இழை துண்டாகிக் குட்டையாகிறது. கூடவே இன்னொரு சேதமும் நடக்கிறது. ஈர இழைக்குள் நுண்ணிய துவாரங்கள் தண்ணீரை வாங்கிப் பூரித்திருக்கும். காயும்போது அவை ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி நனைத்தாலும் எல்லாம் திறப்பதில்லை. விறைத்துப்போன இழை பக்கத்து இழையோடு சரியாகப் பிணைவதில்லை, தாள் பலவீனமாகிறது. ஆலைகள் இதைச் சமாளிக்கப் புது இழையைக் கலக்கும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையைச் சேர்ப்பதும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் பெண்கள் இதே காரியத்தை ஆலை இல்லாமல் செய்துவந்திருக்கிறார்கள். பழைய செய்தித்தாளைக் கிழித்து நாட்கணக்கில் ஊறப்போட்டு, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த குடத்தின் மேல் ஒரே கனத்தில் அப்பி வெயிலில் காயவைத்தால், தட்டினால் பலகைபோல ஒலிக்கும் கூடை ஒன்று கிடைக்கும். வெந்தயம் எதற்கு? அதன் விதையில் இருக்கும் கேலக்டோமன்னன் என்ற பசைப்பொருள் குவார் பசைக்கு ஒன்றுவிட்ட உறவு. அதன் முதுகெலும்பு செல்லுலோஸைப் போலவே நேராக ஓடும் சர்க்கரைச் சங்கிலி. ஆகவே அது இழையின் மேல் நீளவாக்கில் படிந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இரண்டு இழைகளைச் சேர்த்துக் கட்டும். விறைத்த இழை தானாகச் செய்ய மறுக்கும் வேலையை வெந்தயம் செய்து கொடுக்கிறது.

இந்தக் கூடையை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். எழுதவும் அச்சடிக்கவும் தகுந்த தாளுக்கு நீள இழை வேண்டும். மெல்லியதாக இருந்தும் கிழியாமல் நிற்க வேண்டும். கூடைக்கும் பொம்மைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. கனமான சுவராக அப்பும்போது குட்டை இழையும் தாங்கும். பண்ருட்டியிலும் விழுப்புரத்திலும் நவராத்திரிக் கொலுவுக்காகக் காகிதக் கூழில் செய்யும் பொம்மைகளும், காஷ்மீரத்துக் கூழ்ப்பெட்டிகளும் இதே உண்மையின் மேல் நிற்பவை. ஆலை கைவிடும் கட்டத்தில் இருக்கும் இழைக்கு, நீளம் தேவைப்படாத ஒரு வேலையைக் கண்டுபிடித்துத் தருவது கைவினையின் சாமர்த்தியம். அழகு அதன் மேல் பூசும் வண்ணத்தில் தொடங்குவதில்லை. பொருளின் மிச்சமிருக்கும் திறனுக்கு ஏற்ற வேலையைத் தேர்ந்ததில் தொடங்குகிறது.

துணிக்கு வருவோம். பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைப் பல் சக்கரங்களில் கிழித்து மறுபடி பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் (ஓ.இ.) மில்களில் நூலாக்கும் தொழில் திருப்பூர், கோவை வட்டாரத்தில் வேரூன்றியது. கிழிக்கும்போது இழை குட்டையாகும். ஆகவே அந்த நூல் தடிமனாக, மெல்லிய துணிக்கு ஆகாததாக இருக்கும். ஆனால் அங்கே இழையைவிட மதிப்புள்ள இன்னோர் அடுக்கு காப்பாற்றப்படுகிறது, நிறம். துண்டுகளைச் சிவப்பு, நீலம், கறுப்பு என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால், அந்தப் பஞ்சிலிருந்து வரும் நூலுக்குச் சாயமே போட வேண்டாம். நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்ததும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நினைவிருப்பவர்களுக்கு இந்த லாபத்தின் அளவு புரியும். இன்னும் மேலடுக்கில் நிறுத்திக்கொள்கிறது வங்காளத்தின் காந்தா. பல தடவை துவைத்து மிருதுவான பழைய பருத்திப் புடவைகளை அடுக்கி, நெருக்கமான நூலோட்டத்தால் தைத்துப் போர்வையாக்குகிறார்கள். தனியாக நின்றால் கிழியக்கூடிய துணியின் இழுவிசை, ஆயிரக்கணக்கான தையல்களின் வழியே பல அடுக்குகளுக்குப் பகிர்ந்துபோகிறது. அந்தத் தையல் வரிசைகளே பூவும் பறவையுமாக உருவெடுக்கும்போது அலங்காரமும் பொறியியலும் ஒன்றாகிவிடுகின்றன.

இனி, ஏறிவர வழியே இல்லாத பொருள்கள். ரப்பர் பால் கொடுக்கும் ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் இந்தக் குறை நீங்குகிறது என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் கண்டார். கந்தக அணுக்கள் ரப்பர் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போட்டு, முழு டயரையும் ஏறக்குறைய ஒரே வலையாக்கிவிடுகின்றன. உறுதி கிடைத்தது, உருகும் தன்மை போயிற்று. டயரைச் சூடாக்கினால் உருகாது, கருகும். ஆகவே டயருக்கு உகந்த வழிகள் எல்லாமே உருவைக் காப்பவை. மேல்பட்டை தேய்ந்தாலும் உள்ளுடல் நன்றாக இருந்தால் புதுப் பட்டை ஒட்டி ரீட்ரேடு செய்யலாம். விமான டயர்களைக்கூட அப்படிப் பலமுறை புதுப்பிக்கிறார்கள். அதற்கும் ஆகாத டயர் செருப்பாகிறது, கட்டட வேலையில் சாந்து சுமக்கும் சட்டியாகிறது. டயர் செருப்பு தேயாமல் உழைப்பதற்குக் காரணம், சாலையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட வடிவமைத்த பொருளை மனிதக் காலுக்குக் கீழே வைத்திருப்பதுதான்.

சுட்ட மண் இன்னும் பிடிவாதமானது. பச்சைக் களிமண்ணைக் காயவைத்து மறுபடி நனைத்தால் குழையும். சூளையில் 500, 600 டிகிரியைத் தாண்டியதும் களிமண் படிகத்தின் பகுதியாகவே இருந்த ஹைட்ராக்சில் பிணைப்புகள் அறுந்து நீராவியாகப் போய்விடுகின்றன. அது ஒருவழிப் பாதை. எத்தனை வருடம் ஊறப்போட்டாலும் பானை ஓடு களிமண் ஆகாது. கீழடி அகழாய்வில் ஈராயிரம் ஆண்டுகளைத் தாண்டி ஓடுகள் எழுத்தோடு கிடைப்பதற்கும், காயலான் கடையில் பீங்கானுக்கு விலை இல்லாததற்கும் காரணம் ஒன்றே. அதே கீழடியில் உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. உருக்க முடியாத பொருளை உருக்க முயலாமல், அதன் கடினத்தையே பயன்படுத்திக்கொண்டு விளையாட்டுக் காயாக்கியவர்கள் அவர்கள். பொடியாக்கினால் சுட்ட மண்ணுக்குப் புதிதாக ஒரு திறமையும் வருகிறது. அளவான சூட்டில் வெந்த களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் ஒழுங்கான படிகமாக இல்லாமல், வினைபுரியத் தயாராக இருக்கும். சுண்ணாம்போடும் தண்ணீரோடும் சேர்ந்தால் அவை சிமென்டில் உருவாகும் அதே வகைப் பிணைப்பைக் கொடுக்கின்றன. சுர்க்கி என்று கொத்தனார்கள் அழைத்தது இந்தப் பொடியைத்தான். 1895-ல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்டது. ரோமானியர்களும் உடைந்த ஜாடிகளை இடித்துச் சாந்தில் சேர்த்தார்கள். ஆனால் ரோம் நகரில் ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகள் மட்டும் மாண்டே டெஸ்டாச்சோ என்ற, சுமார் 35 மீட்டர் உயரக் குன்றாகக் குவிந்து கிடக்கின்றன. ஓட்டில் ஊறிய எண்ணெய் சுண்ணாம்போடு சேர்ந்து சோப்பாகி, சாந்தைக் கெடுத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. கலப்பு என்ற எதிரி அங்கேயும் வென்றிருக்கிறது.

பொடியாக்கும்போது பீங்கானின் மிகச் சிறந்த அடுக்கு அழிந்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த அடுக்கு, அதன் மேல் பூச்சு. அது கண்ணாடி, அதன் நிறம் கோபால்ட், இரும்பு, செம்பு போன்றவற்றின் ஆக்சைடுகளால் வருவது. வெயிலில் வெளுக்கும் பெயின்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நூறு வருடம் வெயிலில் நின்றாலும் கோபால்ட் தந்த நீலம் நீலமாகவே இருக்கும். இந்தப் பூச்சைக் காப்பாற்ற ஒரே வழி, சில்லைச் சில்லாகவே வைப்பது. அங்கேதான் கலைஞர் வருகிறார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த், புது நகருக்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளிலிருந்து பீங்கான் துண்டுகள், வளையல் சில்லுகள், மின்சாதனப் பொருள்கள் ஆகியவற்றைச் சேகரித்து, 1950-களின் பிற்பகுதியிலிருந்து காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்துவந்தார். கம்பிக் கூட்டின் மேல் சிமென்ட் கலவையை ஏற்றி, அது இறுகுவதற்குள் சில்லுகளைப் பதிப்பது அவர் முறை. 1976-ல் அந்த இடம் பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இப்படிச் சில்லுகளைப் பதிப்பதற்குப் பின்னால் ஒரு கணிதமும் இருக்கிறது. தட்டையான தாளை ஒரு பந்தின் மேல் சுருக்கமோ கிழிசலோ இல்லாமல் போர்த்த முடியாது என்பது 1827-ல் கணிதவியலாளர் காஸ் நிறுவிய தேற்றத்திலிருந்து வருவது. முழு ஓடு யானையின் நெற்றியிலோ பெண்ணின் தோளிலோ பொருந்தாது. உடைந்த ஓடு பொருந்தும். துண்டு சிறிதாகச் சிறிதாக வளைவு துல்லியமாகும். பார்சிலோனாவின் குயெல் பூங்காவில் பாம்புபோல நெளியும் நீண்ட இருக்கையைக் கட்டடக் கலைஞர் கவுதியின் குழுவினர் ஓட்டுத் துண்டுகளால் போர்த்தியதும் இதனால்தான் சாத்தியமாயிற்று. அதாவது, உடைந்தது இங்கே குறையே இல்லை. முழு ஓட்டால் முடியாத வேலையை முடித்துத் தரும் தகுதி.

இவையெல்லாம் கேட்க நன்றாக இருக்கின்றன, ஆனால் குப்பை மலைக்கு முன்னால் ஒரு பாறைத் தோட்டம் எந்த மூலைக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 1.6 லட்சம் டன் குப்பை சேர்கிறது. அதில் பெரும்பங்கு மக்கும் குப்பை. அதை எந்தச் சிற்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது, உரக்குழிதான் செய்ய முடியும். எடையைக் கொண்டு அளந்தால் கைவினையின் பங்கு கண்ணுக்கே தெரியாது. ஆனால் எடை என்பது எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கருதும் அளவுகோல். உலைக்கும் உரக்குழிக்கும் போகக்கூடியவை போன பிறகு மிஞ்சும் எச்சத்தில், பொருளுக்குப் பொருள் வழி வேறு. பெரும்பகுதி பீங்கானும் செங்கல்லும் பொடியாகி அடித்தளத்துக்குப் போகட்டும். நிறமும் பளபளப்பும் உள்ள சிறுபகுதி, கிலோவுக்குப் பல மடங்கு மதிப்போடு சுவருக்குப் போகட்டும். கலையைக் குப்பை ஒழிப்புத் திட்டமாக விற்பது பொய். குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மிகச் சரியான தொழில்நுட்பம் என்று சொல்வது உண்மை.

இந்த வேறுபாட்டை மறந்தால் கைவினையே தீங்கு செய்யும். பள்ளிகளில் கழிவிலிருந்து கலைப்பொருள் செய்யும் போட்டி நடக்கும்போது அதிகம் சிக்குவது பெட் பாட்டில். அதை நறுக்கி, ஃபெவிகால் தடவி, ஜிகினா தூவி, பெயின்ட் அடித்துப் பேனா ஸ்டாண்டு செய்கிறார்கள். சில மாதத்தில் அது குப்பைக்குப் போகும். போட்டிக்கு முன்னால் அந்தப் பாட்டில் சுத்தமான பெட். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிப் பிரிந்து, உருகி, மறுபிறவி எடுத்திருக்கும். இப்போது பசையும் பெயின்ட்டும் ஜிகினாவும் ஏறிய கலவை. எந்த ஆலையும் அதைத் தொடாது. உருகும் வழி திறந்திருந்த பொருளுக்கு அந்த வழியை அடைத்துவிட்டோம். குழந்தைகளின் கற்பனையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெரியவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். உடைந்த ஓடு, தேய்ந்த டயர், பல அடுக்குப் பிளாஸ்டிக் உறை ஆகியவற்றைக் கொடுத்திருந்தால் அதே கற்பனை, வேறு வழியில்லாத பொருளுக்கு வழி செய்திருக்கும். பிஸ்கட், சிப்ஸ் உறைகளை நீளமாக மடித்துப் பின்னிப் பையாக்குவதில் பொருள் உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிய அந்தப் படலங்களைப் பிரிக்க மலிவான முறை எதுவும் நடைமுறையில் இல்லை.

இன்னொரு மறுப்பு, உருவைக் காப்பது விஷத்தையும் காப்பதாகாதா என்பது. ஆகும். பழைய டிவியின் படக்குழாய்க் கண்ணாடியில் கணிசமான ஈயம் இருக்கிறது; பழைய கதவு, ஜன்னல்களில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு இந்தியாவில் 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவைச் சுரண்டி அழகான மேசையாக்கினால், சுரண்டிய தூசு நுரையீரலுக்குப் போகும். இப்படிப்பட்ட பொருள்களில் முறை தலைகீழாக வேண்டும். கார் பேட்டரியைப்போல, தனிமம் வரை இறக்கி, முறையான ஆலையில் ஈயத்தைத் தனியே எடுக்க வேண்டும், தெருவோரத்தில் உருக்கக்கூடாது. ‘கூடுமானவரை மேலடுக்கில் நிறுத்து’ என்ற விதிக்கு இது விலக்குபோலத் தோன்றினாலும் அடிப்படை அதேதான். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே நிறுத்துவதா, இறங்குவதா என்று முடிவு செய்ய முடியும்.

பிரிக்க முடியாத கலவையை அப்படியே பயன்படுத்தும் வழி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்றும் கேட்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவனின் பிளாஸ்டிக் சாலை இதற்கு நல்ல உதாரணம். சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவினால் அவை இளகி மெல்லிய படலமாகப் போர்த்தும். பிறகு தாரைச் சேர்த்தால் ஜல்லியோடு தார் இறுகப் பிடிக்கும், தண்ணீர் இடையில் புகுவது குறையும். கேரி பேக்கும் உறைகளும் தெர்மோகோலும் அதில் கலந்தே போகலாம். ஆனால் அங்கேயும் பி.வி.சி.க்கு அனுமதி இல்லை. சூட்டில் அது விடும் வாயு ஆபத்தானது. கலவையை ஏற்கும் தொழில்நுட்பத்துக்கும் வாசலில் ஒரு பிரிக்கும் கை தேவைப்படுகிறது. மேலும் சாலைக்குள் போன பிளாஸ்டிக்கை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அது கடைசிப் படி. மேலே வேறு படி இல்லாத பிளாஸ்டிக்குக்கு மட்டும் உரியது. உருக்கி மறுபடி செய்யத்தக்க பாட்டிலைச் சாலையில் கொட்டுவது நஷ்டம்.

கடைசியாக, கழிவிலிருந்து அழகான பொருள் வருகிறது என்றால் மக்கள் கூசாமல் இன்னும் வாங்கிக் குவிப்பார்களே என்ற கவலை. இது வெறும் கவலையில்லை. குற்ற உணர்வைத் தணிக்கும் எதுவும் நுகர்வைக் கூட்டக்கூடும். ஆனால் இந்த அத்தியாயத்தில் பார்த்த உதாரணங்கள் அந்த ஆறுதலைத் தரவில்லை. ஒவ்வொன்றிலும் கைவினைஞர் செய்தது, பொருளை உருவாக்கியவர் விட்டுவைத்த வழிகளுக்குள் ஒன்றைத் தேடியதுதான். அலுமினியத் தூக்கைச் செய்தவர் ஒரே உலோகத்தில் செய்தார், ஆகவே வழி அகலமாக இருந்தது. சாஷேயைச் செய்தவர் பிளாஸ்டிக், அலுமினியம், பிளாஸ்டிக் என்று மெல்லிய படலங்களை ஒட்டினார். ஒரு தலைக்குளியலுக்காக எல்லா வழிகளையும் அடைத்தார். அந்த உறையைப் பின்னிப் பையாக்கும் பெண்ணின் திறமை பாராட்டத்தக்கது, ஆனால் அவர் செய்வது வடிவமைத்தவர் விட்டுப்போன வேலை. ஒரு பொருளின் இரண்டாம் பிறவி குப்பைத்தொட்டியில் முடிவாவதில்லை. தொழிற்சாலையில் எதை எதோடு ஒட்டுவது என்று தீர்மானிக்கும் அன்றே முடிவாகிறது. உருக்கும் வழியா, உருவைக் காக்கும் வழியா, இரண்டில் ஒன்றைத் திறந்து வைக்காத பொருளைச் சந்தைக்கு விடாதிருப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சட்டமும் வாங்குபவரும் வற்புறுத்தும் அளவுக்குத்தான், காயலான் கடைக்காரரின் விலைப்பட்டியலில் புதுப் பெயர்கள் சேரும்.